முடிஞ்ச துணியை வெட்டினவர்

—மூலையில சிவப்பு நூல் கட்டியிருந்தேன். கண்ணுள்ள எந்த மனுஷனும்—

—நீ குரல் குடுக்கல. அத முதல்ல சொல்லு. குரல் குடுக்காம துணிய அனுப்பிட்டு—

—நான் எதுக்குக் குரல் குடுக்கணும்? அப்போ நூல் எதுக்கு, அழகுக்கா? நூல் இல்லாத துணி வந்தா வெட்டணும். நூல் கட்டின துணி வந்தா வெட்டாம பேக்கிங்குக்குத் தள்ளணும். உங்க வேலையே அவ்வளவுதான். ஒரு ஆட்டுக்கிட்ட சொல்லியிருந்தா அதுகூடப் புரிஞ்சுக்கிட்டு நின்னிருக்கும்.

—ஆடு தின்னிருக்கும்.

—தின்னிருந்தா ஒரு தடவையோட போயிருக்கும். நீங்க திரும்பத் திரும்ப வெட்டினீங்க.

—நீ திரும்பத் திரும்ப நெய்து அனுப்பினே.

—நெய்யிறவ நெய்யத்தான் செய்வா. வெட்டின துணி நூலா மாறி என் தறிக்கே திரும்பி வந்தா நான் வேற என்ன பண்றது, தலைக்கு வச்சுப் படுத்துக்கறதா?

—சரி, இப்ப எதுக்கு வந்தே? இத்தனை மாசமா என்னப் பாத்து வாயத் திறக்காதவ, இன்னிக்கு வந்து வாசல்ல நின்னு கத்தணும்னு என்ன?

—கத்த வரல. உங்க மோட்டார் சத்தம் பட்டுனு நின்னுச்சு. கை உள்ள போயிடுச்சோன்னு என் ஷெட்டுலேருந்து முற்றத்தைத் தாண்டி ஓடி வந்தேன். விரலெல்லாம் இருக்கு. பாத்தாச்சு. போறேன்.

—போகாதே. அந்தப் பக்கம் பிடி. துணி கத்தி வரிசையில மாட்டியிருக்கு.

—மாட்டாம என்ன பண்ணும்? இது துணியா, கரடியா? இவ்வளவு தடிமனா ஒண்ணு அந்தக் கத்திக்குள்ள போகும்னு எப்படி நினைச்சீங்க?

—வந்தத வெட்டினேன்.

—அதான் கேக்கறேன், வந்தத எல்லாம் வெட்டுவீங்களா? நாளைக்கு நானே வந்து படுத்தா?

—நீ வந்தா சத்தம் போட்டுக்கிட்டுத்தானே வருவே. தெரிஞ்சிடும்.

—இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மெதுவா இழுங்க, பிஞ்சிடும்.

—வெட்டப் போற துணி பிஞ்சா என்ன?

—பாத்தீங்களா. இன்னும் 'வெட்டப் போற துணி'ங்கிறீங்க. இது முடிஞ்ச துணி. ஒரு நூல் கட்டி அனுப்பினேன், வெட்டினீங்க. சரி, சின்னதா இருக்கு போலன்னு ரெண்டு நூல் கட்டினேன், வெட்டினீங்க. கடைசியில கயிறே கட்டினேன். கட்டைவிரல் தண்டி சிவப்புக் கயிறு. அதோ கீழ கிடக்கு. அதுகூடவா தெரியல?

—கயிறு தெரிஞ்சுது. மூட்டை கட்டின கயிறுன்னு அவுத்துப் போட்டேன்.

—உங்ககிட்ட பேசறதுக்கு இந்த மோட்டார்கிட்ட பேசலாம். ஏன் கழுத்தத் தடவறீங்க?

—ஒண்ணுமில்ல. மேல ஃபேன். வெட்டற பஞ்சு மூக்குல ஏறக் கூடாதுன்னு போட்டாங்க. நாள் பூரா கழுத்துலயே அடிக்குது.

—தெரியும்.

—என்ன தெரியும்?

—ஒண்ணும் தெரியாது. இழுங்க.

—அக்கா, மாமா, என்ன மெஷின் நின்னு போச்சு, அங்க பெரியவர் காத்துக்கிட்டு... ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?

—நான் எங்க பேசினேன் மாப்ளே. உங்க அக்காதான் திட்டிக்கிட்டிருக்கா.

—அதுவும் பேச்சுதான் மாமா. எவ்வளவு நேரமா நடக்குது? எத எதப் பத்திப் பேசினீங்க? துணியப் பத்தியும் பேசிட்டீங்களா?

—ஏன்டா தம்பி, இப்படி வெளுத்துப் போற? இத்தனை மாசமா 'பேசுக்கா, பேசுக்கா'ன்னு என் உயிர எடுத்தவன் நீதானே? சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, 'மாமா உப்பு கேக்கறார்'னு இந்தப் பக்கமும் 'அக்கா உப்பு தீர்ந்துடுச்சுங்கறா'ன்னு அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி உனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. மேஸ்திரி ஆனதுக்கு அப்புறம் நீ பாத்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

—இவன் வராத நாள்ல நாய்கிட்ட சொன்னே.

—சொன்னேன். வேற யாருகிட்ட சொல்றது? 'அந்த ஆளுகிட்ட சாப்பாடு மேஜையில இருக்குன்னு சொல்லு. நாளைக்காவது தக்காளி வாங்கினா பழுத்ததா பாத்து வாங்கச் சொல்லு, தினமும் காயா வருது'ன்னு சொன்னேன்.

—நானும் நாய்கிட்டதான் பதில் சொன்னேன் மாப்ளே. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சுன்னு.

—அந்த நாய் இப்ப பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிடுச்சு. கூப்பிட்டா முகத்தத் திருப்பிக்குது.

—அக்கா, அப்போ நான் சொன்னது வேற, இப்ப சொல்றது வேற. நான் ஒண்ணும் சொல்லல, ஆனா இந்த நிமிஷத்துலேருந்து ரெண்டு பேரும் வாயை மூடிக்கணும். முதலாளி உத்தரவு.

—என்ன உத்தரவு?

—நீங்க பேசிக்கக் கூடாது. சீசன் முடியிற வரைக்கும்.

—புருஷன்கூடப் பேசாதேன்னு சொல்ல அவர் யாருடா? நான் பேசாம இருந்தது என் கோபம். என் சொந்தக் கோபம். அதுக்கு ஒருத்தர் உத்தரவு போடறதா?

—உக்காருக்கா, சொல்றேன். மாமா, அந்தத் துணி மேல உக்காராதீங்க, அது இப்ப நம்ம எல்லாரையும்விட பெரிய இடம். இங்க ஸ்டூல்ல உக்காருங்க. போன மாசம் துணி வாங்கற பெரியவர் ஒருத்தர் வந்தாரு. பல ஊர்ல கடை வச்சிருக்கவர். முதலாளி என்னக் கூப்பிட்டு, பச்சையில நெய்யச் சொன்னோமே, குடோனத் திறந்து காட்டுன்னாரு. திறந்தேன். குடோன் காலி.

—காலியா? இந்த மில்லுலயே அதிகம் நெய்த தறி என் தறிதான்னு சொல்லி சுவர்க் கடிகாரம் பரிசு குடுத்தீங்களே?

—குடுத்தோம். தறியிலேருந்து எவ்வளவு இறங்குதோ அதத்தானே நாங்க பாக்கறோம். நீ மலை மலையா இறக்கியிருக்கே. ஆனா எல்லாம் ஒரே துணி. நீ நெய்ய, மாமா வெட்ட, நீ நெய்ய, மாமா வெட்ட. மாமாவுக்கும் ஒரு கடிகாரம் குடுத்தோமே, அதிகம் வெட்டினதுக்கு.

—ரெண்டும் வீட்டுல எதிரெதிர் சுவத்துல இருக்கு. அதுங்களும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல.

—மாமா, கேளுங்க. குடோன் மூலையில ஒரே ஒரு கட்டு மட்டும் இருந்துச்சு. உங்களுக்குக் கழுத்து திருப்ப முடியலன்னு அரை நாள் லீவு போட்டீங்க பாருங்க, அன்னிக்கு வெட்டாம தப்பிச்ச கட்டு. பெரியவர் அத விரலால தொட்டாரு. அப்புறம் உள்ளங்கையால தடவினாரு. அப்புறம் கன்னத்த வச்சாரு. அப்புறம் செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு ஏறிப் படுத்துட்டாரு.

—படுத்துட்டாரா?

—படுத்தவர் எழுந்திருக்கல. கண்ண மூடிக்கிட்டே, இது எப்படிப் பண்றீங்கன்னு கேட்டாரு. இதுக்கு ஷெனில்னு பேருன்னு சொன்னேன். முதல்ல ஒரு துணி நெய்வோம், அத நீளவாக்குல சன்னமா நாடா நாடாவா வெட்டுவோம், வெட்டினதும் ஓரமெல்லாம் சிலிர்த்துக்கிட்டு ஒவ்வொரு நாடாவும் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகும், அந்தப் பூச்சி நூலை வச்சு மறுபடி நெய்வோம், அதான் மெத்துனு இருக்குன்னேன். பெரியவர் சிரிச்சாரு. நெய்து, அத வெட்டி, வெட்டினத மறுபடி நெய்யிறதுக்கு முதல்லயே சும்மா இருந்திருக்கலாமேன்னாரு.

—நியாயமான மனுஷன்.

—அது ஒரு சுத்து மாமா. எல்லா மில்லும் ஒரு சுத்துதான் விடுவாங்க. நீங்க ரெண்டு பேரும் எத்தனை சுத்து விட்டீங்கன்னு கடவுளுக்கே தெரியாது. முதல் சுத்துல கம்பளிப்பூச்சி. அடுத்த சுத்துல பூனைக்குட்டி. அதுக்கடுத்து ஆட்டுக்குட்டி. இப்ப இது என்ன பிராணின்னே சொல்ல முடியல.

—கரடி. நான் அப்பவே சொன்னேன்.

—பெரியவர் டீயப் படுத்துக்கிட்டே குடிச்சாரு. படுத்துக்கிட்டே விலை பேசினாரு. சாயங்காலம் ஆச்சு, எழுந்திருக்க மனசு வரல. கடைசியில கட்டோட தூக்கி லாரியில ஏத்தி அனுப்பினோம். இன்னிக்குத் திரும்பி வந்திருக்காரு, இதே துணி லாரி லாரியா வேணுமாம். முதலாளி வாக்குக் குடுத்துட்டாரு. இந்த ஆர்டர் கை நழுவிப் போச்சுன்னா ரெண்டு ஷெட்டையும் பூட்டிட்டு சாவிய ஆத்துல போட்டுடுவேன்னு என்னைப் பாத்து சொன்னாரு. நெய்யிறவங்க, வெட்டறவங்க, நான், எல்லாரும் தெருவுலதான்.

—அப்போ நெய்ய வேண்டியதுதானே, வெட்ட வேண்டியதுதானே? எத்தனை சுத்து வேணுமோ சொல்லு, விடறோம். அதுக்கு நாங்க ஏன்டா ஊமையாகணும்?

—நானும் அப்படித்தான்க்கா நினைச்சேன். உங்ககிட்ட சொன்னா கெட்டுப் போயிடுமோன்னு சொல்லாம, ராத்திரி ஷிப்டுல புதுசா கல்யாணமான ஜோடி ஒண்ணப் போட்டுப் பாத்தேன். அவ நெய்யணும், அவன் வெட்டணும், திரும்ப நெய்யணும், திரும்ப வெட்டணும். வரவே இல்ல. எப்படியும் வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்சதால அவ கடமைக்கு நெய்யிறா. ஆசைப் பொண்டாட்டி நெய்ததாச்சேன்னு அவன் தடவித் தடவி வெட்டறான். கந்தல்தான் வந்துச்சு. அக்கா, நீ ஒவ்வொரு தடவையும் இதான் கடைசின்னு நெய்தே. மாமா ஒவ்வொரு தடவையும் இதான் முதல் தடவைன்னு வெட்டினாரு. அந்த ஆவேசம் யாருக்கும் வரல.

—பேச விடாம வச்சிருந்தா வந்திருக்கும்.

—பேசாதீங்கன்னு சொன்னேனே. முற்றத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து அவன் பாட்டுப் பாடறான், இந்தப் பக்கத்துலேருந்து இவ விசிலடிக்கிறா. சரின்னு, பிரிஞ்சு போன ஜோடி ஒண்ணத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வந்தேன். ரொம்ப நல்லா பேசாம இருந்தாங்க. அப்படியே வேலையும் செய்யாம இருந்தாங்க. கடைசியா, முன்னப் பின்ன தெரியாத ரெண்டு பேரைப் போட்டேன். அவளுக்கு அவன் யாருன்னு தெரியாது, அவனுக்கு அவ பேருகூடத் தெரியாது.

—அது சரியா வந்திருக்கணுமே.

—வர்ற வாரம் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வச்சுட்டாங்க.

—போயிட்டு வா. நல்ல துணியா ஏதாவது எடுத்துக் குடு.

—சிரிக்காதக்கா, நீ சிரிச்சா எனக்குப் பகீர்ங்குது. முதலாளி என்ன சொல்லிட்டாருன்னா, நம்ம மில்லுல உருப்படியா இருக்கறது இந்த ஒரே ஒரு சண்டைதான், இத எப்படியாவது காப்பாத்தணும்னு. வீட்டுக்குப் போறப்போ நீ ரோட்டுக்கு இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். வாட்ச்மேன் பின்னாடியே வருவான். வீட்டுலயும் அப்படித்தான். ஏதாவது வேணும்னா நான் வந்து சொல்றேன். பஞ்சப்படி மாதிரி 'கோபப் படி'ன்னு சம்பளத்தோட தனியா சேத்துக் குடுப்பாங்க. மாமாவுக்குக் கொஞ்சம் கம்மி, ஏன்னா கோபம் உன்னோடதுதானாம்.

—வேலை எல்லாம் அவளே பாத்த மாதிரி.

—இன்னொண்ணு மாமா. முற்றத்துக்கு நடுவுல சுவர் வருது. அக்கா வாசல்லேருந்து உங்க வாசல் தெரியாது. குரலும் கேக்காது. செங்கல் இறங்கியாச்சு.

—சுவரா?

—ஆமா மாமா.

—சுவரெல்லாம் வேண்டாம் மாப்ளே.

—ஏன் மாமா? நீங்கதான் பேசறதே இல்லையே.

—சுவர் இருந்தா குரல் கேக்காது.

—கேக்கக் கூடாதுன்னுதானே மாமா சுவர்.

—இவ இன்னிக்கில்லேன்னா நாளைக்கு வாசல்ல வந்து நிப்பா, குரல் குடுப்பான்னுதான் இத்தனை மாசமா இங்க நிக்கறேன். சுவர் வச்சா கத்தியக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீ யாரையாவது வச்சு வெட்டிக்கோ.

—கேட்டுக்கோடா தம்பி. நல்லா கேட்டுக்கோ. வெட்டினதுக்கு ஒரு வார்த்தை கிடையாது. ஏன் வெட்டினீங்கன்னா பதில் கிடையாது. குரல் மட்டும் வேணுமாம். மழைக்கு முன்னாடி ஒரு நாள் உன்கிட்ட சொல்லி அனுப்பினாரே, ஞாபகம் இருக்கா? வெட்டினது தப்புன்னு சொல்லி அனுப்பறார்னு நான் கைய துடைச்சுக்கிட்டு வந்து நின்னா, 'அக்காவ ஒரு தடவை குரல் குடுக்கச் சொல்லு'ன்னாராம். நான் என்ன கச்சேரியா பண்றேன்?

—நான் அப்படியே வந்து சொன்னேன்க்கா, ஒரு எழுத்து மாத்தல. நீ தட்ட எறிஞ்சே.

—அந்தச் சத்தமாவது கேட்டிருக்கும் அவருக்கு.

—கேட்டுச்சு. கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

—பாரு. எனக்குச் சுவர் சம்மதம்டா தம்பி. உசரமாவே வைக்கச் சொல்லு, மேல கண்ணாடித் துண்டு பதிக்கச் சொல்லு. ஆனா அதுக்கு முன்னாடி இந்த மனுஷன் என் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். முதல்ல வெட்டின அந்தச் சின்னத் துணிய ஏன் வெட்டினாரு? சொன்னா, உன் பெரியவரும் வேண்டாம், அவர் லாரியும் வேண்டாம், இன்னிக்கே இவர்கூடப் பேசிக்கிட்டே வீட்டுக்குப் போவேன். சொல்லலேன்னா செங்கல்ல நானே எடுத்துக் குடுக்கறேன், கொத்தனாருக்குக் கூலி மிச்சம்.

—மாமா, சொல்லிடாதீங்க மாமா. உங்க கால்ல விழறேன்.

—எந்தச் சின்னத் துணி? இவ எதச் சொல்றா மாப்ளே?

—எதுன்னே தெரியல பாத்தியா. நேராவே சொல்றேன், கேளுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி வெட்டினது. சீசன் ஆரம்பத்துல, பெரிய கட்டுக்கு மேல தனியா மடிச்சு வச்சு அனுப்பினேன். மிச்ச நூலெல்லாம் ஒட்டுப்போட்டு, சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம நெய்தது. மூலையில சிவப்பு நூல், சும்மா கட்டல, பூ மாதிரி முடிச்சுப் போட்டு.

—ஆமா, ஒண்ணு வந்துச்சு. துண்டு மாதிரி. அகலம் கம்மியா இருக்கேன்னு நினைச்சேன்.

—நினைச்சீங்க, வெட்டினீங்க. அது துண்டு இல்ல. கழுத்துக்கு.

—யார் கழுத்துக்கு?

—இந்த ஃபேனுக்கு அடியில நின்னுட்டு வந்து, ராத்திரி பூரா கழுத்து கழுத்துன்னு கட்டில்ல உருள்றது யாரு? நானா, நாயா?

—எனக்கா?

—இல்ல, மோட்டாருக்கு.

—எனக்கா நெய்தே?

—அன்னிக்கு மட்டும் வேணும்னேதான் குரல் குடுக்கல. சொல்லாம அனுப்பிப் பாப்போம்னு ஒரு ஆசை. நீங்களா நூலப் பாத்து, முடிச்சப் பாத்து, இது என்னடா சின்னதா ஒண்ணுன்னு கழுத்துல போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்து நிப்பீங்கன்னு, தறிய நிறுத்திட்டு ஜன்னல்ல நின்னேன். மோட்டார் சத்தம் கேட்டுச்சு. அவசரமா வெட்டியிருந்தாலும் பரவாயில்ல. நிதானமா, ஓரத்துலேருந்து ஓரம் வரைக்கும், ஒரு இழை விடாம வெட்டினீங்க. வெட்டி, நாடாவாக்கி, என் தறிக்கே அனுப்பினீங்க. அன்னிக்கு மூடின வாய்.

—மாமா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இது கொஞ்சம் ஜாஸ்தி மாமா.

—நீ சும்மா இரு மாப்ளே.

—சும்மாதான் இருக்கேன். ஆனா ஒரு நிமிஷம், அக்கா, இது நல்ல கோபம். கெட்டியான கோபம். இத இப்படியே வச்சுக்கிட்டா ரெண்டு சீசன் தாங்கும்.

—அந்தத் துணி இப்ப எங்க இருக்கு?

—எங்க இருக்கும்? சுத்திச் சுத்தி இதுலதான் எங்கயோ கலந்து கிடக்கு. ஒரு இழை இங்க, ஒரு இழை அந்தப் பெரியவர் கொண்டு போன கட்டுல.

—அப்போ அந்தப் பெரியவர் ஏறிப் படுத்தது என் கழுத்துத் துணி மேலயா?

—ஒரு ஓரம் உங்களோடதா இருக்கும்.

—எழுந்திருக்கச் சொல்லு மாப்ளே அந்த ஆள.

—மாமா, அவர்தான் மாமா நமக்குச் சோறு. இருங்க, வாட்ச்மேன் கூப்பிடறான். என்னப்பா? ...கொத்தனார் வந்துட்டாரா? முதலாளியும் அங்கதான் நிக்கறாரா? இதோ வரேன்னு சொல்லு. அக்கா, மாமா, நான் போய் ரெண்டு நிமிஷம் சமாளிச்சுட்டு வரேன். திரும்பி வர்றப்போ சுவர் உண்டா இல்லையான்னு ஒரே பேச்சா சொல்லணும். பேச்சா சொல்ல வேண்டாம், தலைய ஆட்டினாப் போதும். சுவர் இல்லேன்னா நாளைக்கு நாம மூணு பேரும் வேற மில் வாசல்ல நிக்கணும், அத மனசுல வச்சுக்கோங்க. அதுவரைக்கும் தயவு செய்து சுவத்தப் பாத்து நில்லுங்க.

—எந்தச் சுவத்தடா, இன்னும் கட்டவே இல்லையே.

—அக்கா.

—போ, போ. நான் அவர்கூடப் பேசல.

—போயிட்டானா?

—போயிட்டான். சொல்லுங்க.

—பேசக் கூடாதுன்னானே.

—என் பொறுமைய சோதிக்காதீங்க. கல்யாணத்துக்கு எடுத்த செக்கச் செவேல்னு இருந்த புடவைய, 'மண்ணு கலர்ல நல்லாத்தான் இருக்கு'ன்னு சபையில சொன்னீங்க. ரசனை கெட்ட மனுஷன்னு அத விட்டுட்டேன். இது அப்படி விடற விஷயம் இல்ல. நான் முடிச்சுப் போட்ட நூல கண்ணால பாத்துட்டு வெட்டினீங்களா, பாக்காம வெட்டினீங்களா?

—ரெண்டும் இல்ல.

—ரெண்டும் இல்லாம மூணாவது என்ன?

—சொன்னா இந்த மெஷின்ல என்ன நிக்க விட மாட்டாங்க. உன் தம்பியே விட மாட்டான். நூலப் பாத்து வெட்டறவன்னு சொல்லித்தான் இந்த வேலையே வாங்கினேன்.

—தம்பிகிட்ட யாரு சொல்லப் போறா? நான்தான் யார்கூடவும் பேசறதில்லையே. சுவர்னு சொன்னதும் உங்க முகம் ஏன் அப்படிப் போச்சு?

—எனக்காக நெய்ததுன்னு தெரிஞ்சிருந்தா...

—தெரிஞ்சிருந்தா? ஏன் நிறுத்திட்டீங்க? சரி, விடுங்க. நானே பாத்துக்கறேன். திரும்பி நில்லுங்க. ம், நில்லுங்கன்னா. இந்தா, இடுப்புல சொருகின நூல்கண்டு, அதே சிவப்பு. இந்தா, உங்க கத்தி துப்பின பச்சைத் துணி, அதே பச்சை. ஒரு முடிச்சு. பூ மாதிரி இன்னொரு முடிச்சு. அன்னிக்குக் கட்டின மாதிரியே கட்டியாச்சு. இப்ப திரும்புங்க. எந்த மூலையில கட்டியிருக்கேன்னு விரல வச்சுக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா அன்னிக்கும் தெரிஞ்சேதான் வெட்டியிருக்கீங்கன்னு அர்த்தம், அவன் வந்ததும் சுவருக்குத் தலைய ஆட்டிடுவேன்.

—காட்டலேன்னா?

—பட்டப் பகல்ல, மூக்குக்குக் கீழ பிடிச்சிருக்கேன். காட்டாம எப்படி இருப்பீங்க? என்ன, ஒவ்வொரு மூலையா தடவறீங்க. அங்க இல்ல. அங்கயும் இல்ல. விளையாடாதீங்க, அவன் செருப்புச் சத்தம் கேக்குது. ஏங்க... ஏன் என் முகத்தையே பாக்கறீங்க, துணியப் பாருங்க.

—சிவப்பும் பச்சையும் எனக்குப் பொறந்ததுலேருந்து ஒண்ணுதான்டி. இத்தனை வருஷமும் நீ வாசல்ல நின்னு 'முடிஞ்சுது'ன்னு சொல்றத வச்சுத்தான் வெட்டாம விட்டேன். உன் தம்பி வர்றதுக்குள்ள, எந்த மூலைன்னு குரல் குடு.